நான்கு நிமிட ஹாக்கி

சட்பரியில் டிசம்பர் நாலரைக்கே இருட்டிவிடும்.
எஸ்கோ மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்துவிட்டுத்
தரையில் உட்கார்ந்தான், ஐம்பத்தொரு வயதில்,
மூட்டு இரண்டும் சொடக்குப் போட.
"துடைத்துப் புதுப்பித்த பிரதியாம், ரய்லி.
விளம்பரம் கிடையாது, கோடு ஓடாது."

எங்களுடையது கோடு ஓடும் நாடா.
எண்பத்து நான்கில் பதிந்தது,
அட்டையில் அம்மாவின் சாய்ந்த எழுத்து: தொடாதே.
நடுநடுவே பனிக்கால டயர் விளம்பரம்.
அதன் மெட்டும் எங்களுக்குப் பாட்டோடு பாட்டு.

கதை இவ்வளவுதான்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
ஓர் ஆந்தை ஊர் மணிகளின் நாக்குகளையெல்லாம்
கழற்றிக்கொண்டு போய்விடுகிறது.
தேவாலய மணி, பள்ளிக்கூட மணி,
பூனையின் கழுத்துமணியைக்கூட விடவில்லை.
சிவப்புக் கையுறை போட்ட சுண்டெலி ஒருத்தி
காட்டுக்கு ஒரு பாட்டாகப் பாடியபடி
தேடிப் போகிறாள்.

அவள் கண்டுபிடிக்கிறாள்.
ஆந்தை அலகைத் திறக்கிறது, மூச்சை இழுக்கிறது,
சட்டென்று ஹாக்கி.

நான்கு நிமிடம். யாரோ சறுக்குகிறான், விசில்,
ரப்பர் வட்டு கம்பத்தில் பட்டுத் தெறிக்கிறது,
வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துகிறார்:
"இன்னும் பதினொரு நொடி, இதோ திரும்புகிறான்..."
மறுபடி காடு.
ஆந்தை அழுதுகொண்டிருக்கிறது,
சுண்டெலி அதன் இறகைப் பிடித்திருக்கிறாள்.

நாங்கள் காரணம் கேட்டதில்லை.
ஹாக்கி பார்த்துத் திருந்திய ஆந்தை என்றே நினைத்தோம்.
வர்ணனையும் மனப்பாடம்.
என் கல்யாண விருந்தில் எஸ்கோ அதை ஒப்பித்தான்,
பின்லாந்து உறவினர்கள் பண்போடு கைதட்டினார்கள்.

அப்பாவுக்கு உருக்காலையில் இரவு வேலை.
குன்றின் மேலிருந்து கசடைக் கொட்டும்போது
எங்கள் ஜன்னல் சிவக்கும்.
பகலில் திரைச்சீலைக்குத் துணிக் கவ்விகள்,
தொலைபேசிக்கு மேல் இரண்டு துண்டு.
அழைப்புமணியின் கம்பியை
ஒருநாள் அவரே பிடுங்கி எறிந்தார்.
அவருக்கு ஆந்தை என்று பெயர் வைத்தது நான்தான்.
சமையலறையில், மெதுவாக.
சுவர் மெல்லியது.

புதுப் பிரதியில் நிறங்கள் கண்ணைக் குத்தின.
சுண்டெலியின் கையுறை சிவப்பே இல்லை, ஆரஞ்சு.
எஸ்கோ வழக்குத் தொடுப்பேன் என்றான்.
பிறகு அந்த இடம் வந்தது.
அலகு, மூச்சு,
ஆந்தை பாடியது.

தாளமில்லாத கனத்த குரல்.
நீங்கள் உறங்க நான் விழித்திருந்தேன்,
ஏரிப் பனி வெடிக்கிறதா, எந்தக் கூரையில் புகை என்று.
நான் கண்மூடும் நேரம் பார்த்து
உங்கள் காலை கணகணவென்று தொடங்கியது.
நாக்குகளைப் பாசியில் பொதிந்து வைத்திருக்கிறேன்,
ஒன்றும் உடையவில்லை.
எனக்கு ஒரே ஒரு பகல் போதும்.

எஸ்கோவின் கையில் சோளப்பொரி அப்படியே இருந்தது.
"தெரிந்துதான் அழித்தாரோ?"
"ஹாக்கி பார்ப்பவருக்கு ஆந்தை எதற்கு?" என்றேன்,
எனக்கும் உறுதியாகத் தெரியாமல்.

மணி பதினொன்று. தண்டர் பேயில்
எண்பத்து மூன்று வயது. ஒரே ஒலிப்பில் எடுத்தார்.
"தூங்கலையாப்பா?"
"இந்த நேரத்துக்கா?"

ஆந்தையைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.
கம்பத்தில் பட்ட அந்த ஆட்டம்
ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.
அதற்குள் எஸ்கோ தரையிலிருந்தே கத்தினான்:
"இன்னும் பதினொரு நொடி, இதோ திரும்புகிறான்..."

"திரும்பி விழுந்தான்," என்றார் அப்பா.
"தோற்றுப் போனோம்."
கொஞ்ச நேரம் கம்பியில் காற்று மட்டும்.
"அதை நாடாவில் பிடிக்கவில்லை.
அப்போதுதான் அட்டையைப் பார்த்தேன்."